நடந்துச்சுன்னு போடுறீகளே

2013 ஆகஸ்ட் 15, காலை பத்தே முக்காலுக்கு அந்தச் செய்திக்குறிப்பு என் மெயிலுக்கு வந்தது. வானவில் எழுத்துருவில் ஒரு பக்கம். சுதந்திர தினத்தை முன்னிட்டு நடைபெற்ற கிராம சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு தங்கள் கோரிக்கைகளைத் தெரிவித்தனர் என்று தொடங்கியது. நலத்திட்ட உதவி பெற்றவர்களின் எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் மட்டும் புள்ளிக்கோடு போட்டு விட்டிருந்தார்கள். கூட்டம் பதினொரு மணிக்கு. அப்போது நான் தென்மாவட்டம் ஒன்றில் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபர். வேப்பமரத்தடியில் விரித்த ஜமக்காளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, இன்னும் தொடங்காத கூட்டம் நடந்து முடிந்ததாகச் சொல்லும் தாளை நோக்கியா போனில் படித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ணினேன். முப்பத்தொரு பேர். அதில் பாதிப்பேர் ஏதாவதொரு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள். அந்த ஊராட்சியின் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். வருகைப் பதிவேடு மறுநாள் காலையில் நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்குப் போனது. அங்கே வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்கள். நான் பத்து வரி எழுதி அனுப்பினேன், எண்ணிக்கையையும் சேர்த்துத்தான். செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் குறிப்பையும் என் வரிகளையும் சேர்த்துக் கட்டியதில் முப்பத்தொன்று போய், 'திரளாக' வந்துவிட்டது. பேப்பரில் வந்ததும் பார்த்தேன். போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே ஊர் பஸ் நிறுத்தத்து டீக்கடை. கடைக்காரர் பேப்பரைச் சத்தமாகப் படிக்கும் பழக்கமுள்ளவர். கிராம சபைச் செய்தியைப் படித்து முடித்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா, மடியிலிருந்த மஞ்சப்பையைத் திறந்து இரண்டு ரசீதுகளை எடுத்துக் காட்டினார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்த ரசீதுகள். அவர் இருக்கும் தெருக் கடைசிக்குக் குழாய்த் தண்ணீர் ஏறவில்லை. அதற்காக இரண்டு தடவை பஸ் ஏறி நாற்பது கிலோமீட்டர் போய் வந்திருக்கிறார். கூட்டம் நடந்த பள்ளிக்கூடம் அவர் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரம். "நடந்துச்சுன்னு போடுறீகளே, நடக்கப் போகுதுன்னு முன்னாடியே ஒரு வார்த்த போட மாட்டீகளாப்பா?" என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. செய்தி என்றால் நடந்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நடக்காததை எழுதாதே என்பது நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்ட முதல் பாடம். வதந்திக்கு எதிராக அது நல்ல பாடம்தான். ஆனால் மக்கள் வந்து உட்கார்ந்து பேசினால்தான் நடந்ததாக அர்த்தம் என்று இருக்கிற ஒரு காரியத்தில், முடிந்தபிறகு வரும் செய்தி யாருக்கு?

வேனில் எங்களுக்கு இடம் இருந்தது

எனக்கு அந்தக் கூட்டம் ஒரு வாரம் முன்பே தெரியும். முந்தின நாள் சாயங்காலம் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து போன் வேறு வந்தது: காலையில் எட்டரைக்கு வேன், நேராகக் கொடியேற்றம், அப்புறம் கிராம சபை, மதியம் சாப்பாடு. மாவட்டத்தின் அத்தனை நிருபர்களுக்கும் தெரிந்த இடமும் நேரமும், அந்தச் சபையின் உறுப்பினரான ஆத்தாவுக்குத் தெரியவில்லை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து அதுதான் சட்டம். அழைப்பு எங்களுக்கும் செய்தி அவருக்கும் என்று தலைகீழாகப் பிரித்து வைத்திருந்தோம்.

ஏழு நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவித்திருந்தார்கள். ஊராட்சி அலுவலகத்தின் உள்சுவரில், பூட்டிய கதவுக்குப் பின்னால், ஒரு ஏ4 தாள் ஒட்டியிருந்தது. தண்டோராவும் போட்டதாகச் சொன்னார்கள். இரண்டு தெருவோடு நின்றுவிட்டது. இந்தத் தண்டோராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்கம் மக்களிடம் பேசும் வேலையில் மிகக் கடினமான பகுதியை, வெயிலில் தெருத்தெருவாக நடந்து சொல்வதை, சாதியின் பெயரால் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவரைக் கூட்டத்தின் கடைசியில் நிற்க வைத்த வழக்கம் அது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு தண்டோராவை நிறுத்திவிட்டு வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார். அது நிறுத்தப்பட வேண்டியதுதான். ஒலிபெருக்கி எல்லாத் தெருவுக்கும் போகிறதா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

அந்த மாவட்டத்து உதவி மக்கள் தொடர்பு அலுவலர் நல்ல மனிதர். விடிகாலை ஆறு மணிக்கு அலுவலகம் வந்துவிடுவார். எல்லாப் பேப்பரையும் விரித்துப் போட்டு, மாவட்டச் செய்திகளைக் கத்தரித்து வெள்ளைத்தாளில் ஒட்டி, ஓரத்தில் பேப்பர் பெயரும் பக்க எண்ணும் எழுதி, ஆட்சியர் வருவதற்குள் கட்டிங் ஃபைலை மேசையில் வைக்க வேண்டும். எத்தனை பேப்பரில் வந்தது, பக்கத்தில் எத்தனை பத்தி அகலம், படத்தோடா இல்லாமலா என்பதுதான் அவர் வேலைக்கான அளவுகோல். தன் குறிப்பைப் படித்துவிட்டு எத்தனை பேர் ஒரு கூட்டத்துக்கு வந்தார்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. எங்களுக்கும் அதே கதைதான். குறிப்பை அப்படியே போட்டால் பத்து நிமிஷத்தில் மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் நிரம்பும். இரண்டு பக்கத்துக்கும் வசதியாக இருந்த ஏற்பாட்டில் ஊர் மட்டும் வெளியே நின்றது.

சட்டத்தில் ஒரு பத்தி

தகவல் உரிமைச் சட்டத்தை அதுவரை ஒரு கடப்பாரையாகத்தான் நினைத்திருந்தேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டு, முப்பது நாள் காத்திருந்து, வராவிட்டால் மேல்முறையீடு. ஆத்தா கேட்ட அந்த வாரம் சட்டத்தை முதலிலிருந்து படித்தேன். யாரும் மனுப் போடாமலே அரசு தானாகச் சொல்ல வேண்டியவை நான்காம் பிரிவில் இருக்கின்றன, பதினேழு தலைப்புகளில். அதே பிரிவில், மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் அது சம்பந்தப்பட்ட உண்மைகளை எல்லாம் வெளியிட வேண்டும் என்று இருக்கிறது. வகுக்கும்போதே, முடிவை அறிவிக்கும்போது மட்டும் அல்ல. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் விடவில்லை. அந்த வட்டாரத்து மொழியில், அந்த வட்டாரத்தில் எது நன்றாகப் போய்ச் சேருமோ அந்த வழியில். அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. எனக்கு அது பெரிய திறப்பு. மக்கள் தொடர்பு அலுவலரின் வேலை என்ன, என் வேலை என்ன என்று கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்க ஒரு பத்தி இருந்திருக்கிறது. எட்டு வருஷமாக இருந்திருக்கிறது.

தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்டது தமிழ்நாடுதான், 1997இல். ஆனால் விதிவிலக்குகள் அத்தனை இருந்ததால் அதை வைத்து ஒன்றும் கேட்க முடியவில்லை. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த சட்டத்தின் வேர் ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில் இருக்கிறது. கூலி ஒழுங்காகக் கிடைக்காத வேலையாட்கள், அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் போன்ற செயல்பாட்டாளர்களோடு சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் பந்தல் போட்டு, அரசு வேலையின் மஸ்டர் ரோலை, அதாவது வேலையாட்களின் வருகை, கூலிப் பதிவேட்டை, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர்கள் பெயரில் கூலி போயிருந்தது அங்கேயே வெளிச்சத்துக்கு வந்தது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அவர்கள் கோஷம். பிரபாஷ் ஜோஷி, நிகில் சக்கரவர்த்தி போன்ற பத்திரிகை ஆசிரியர்கள் அந்தக் கோரிக்கையோடு நின்றார்கள். அதே ஆண்டு இந்தியப் பத்திரிகைக் கவுன்சில், அதன் தலைவர் நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில், சட்டத்துக்கு ஒரு வரைவே எழுதிக் கொடுத்தது. என் தொழிலின் பெருமை என்று யாராவது கேட்டால் எந்த ஊழல் அம்பலத்தையும்விட இதைத்தான் சொல்வேன். ஊர் நடுவில் கணக்கை உரக்கப் படிப்பது என்பதற்குப் பத்திரிகைகள் துணை நின்றிருக்கின்றன. அதே கணக்கை வருஷம் நான்கு தடவை படிப்பதற்காகவே இருக்கும் கிராம சபையை நாங்கள் ஒரு விழாச் செய்தியாக்கி வைத்திருந்தோம்.

ஒன்பது வரி

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. செப்டம்பர் கடைசி வாரத்தில் உதவி மக்கள் தொடர்பு அலுவலரிடம் போய், ஆத்தா ஊரின் கூட்டப்பொருளும் ஆறு மாத வரவு செலவுக் கணக்கும் வேண்டும் என்றேன். "கூட்டத்துக்கு முன்னாடி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார். மறுக்கவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) அலுவலகத்துக்கு அவரே பேசினார். கூட்டப்பொருள் அன்றைக்கே வந்தது: மழைநீர் சேகரிப்பு, டெங்கு தடுப்பு, தனிநபர் கழிப்பறை என்று எல்லா ஊருக்கும் பொதுவான பட்டியல். கணக்கை ஊராட்சி எழுத்தர் இரண்டு நாள் கழித்துக் கோடு போட்ட தாளில் கைப்பட எழுதிக் கொடுத்தார். தாளின் மூலையில் எண்ணெய்க் கறை. சாப்பிட்டுக்கொண்டே எழுதியிருப்பார் போல.

டெஸ்க்கில் எடுக்கவில்லை. நடக்கட்டும், அப்புறம் அனுப்புங்கள் என்றார்கள். மூன்று தடவை பேசினேன். செப்டம்பர் 30 அன்று மாவட்டப் பக்கத்தில் ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் விலகி, இரண்டு அங்குலம் காலி விழுந்தது. அந்த இடத்தில் ஒன்பது வரி வந்தது. எங்கே, எத்தனை மணிக்கு, என்னென்ன கணக்கு படிக்கப்படும். தெருவிளக்கு, குப்பை அள்ளுதல், மின்மோட்டார் பழுது இரண்டு தடவை. அவ்வளவுதான். டீக்கடைக்காரர் அதைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கை வைத்துக் கடைச்சுவரில் ஒட்டியிருந்தார்.

அக்டோபர் 2 காலையில் நூற்றுப்பதினெட்டு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் பிள்ளைகள் குறுக்கே ஓடி எண்ணிக்கை குழம்பிவிட்டது. ஆத்தா இரண்டாவது வரிசையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். கணக்கு படித்து முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துப் பிரித்தார். நாலாக மடித்த காகிதம், மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. மோட்டாரை இரண்டு தடவை பழுது பார்த்ததாகப் போட்டிருக்கிறீர்கள், எங்களுக்குத் தெரிந்து ஒரு தடவைதானே தூக்கினீர்கள் என்று கேட்டார். கூட்டம் அப்படியே அமைதியானது. நானும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். பெரிய செய்தி கையில் விழப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. எழுத்தர் வவுச்சர் ஃபைலைப் புரட்டினார். அவர் விரல் நடுங்கியதைப் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். இரண்டாவது வவுச்சரை எடுத்துப் படித்தார்: காலனி போர்வெல் மோட்டார். பின்வரிசையிலிருந்து காலனிக்காரர்கள் மூன்று பேர் எழுந்தார்கள். "ஆமா, ஆடியில தூக்குனோம். முக்காலி நட்டுக் கயித்த இழுத்ததே நாங்கதான்" என்றார் ஒருவர். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கணக்கு சரியாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாகியும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த இடத்தில்தான். கூட்டம் முடிந்ததும் எழுத்தர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஆறு வருசமா ஊரே என்னயத் திருடன்னுதான் பாத்துச்சு சார். கேட்டாத்தான சொல்ல முடியும்? இன்னிக்குத்தான் ஒருத்தர் கேட்டாரு" என்றார். கண் கலங்கியிருந்தது. அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று எத்தனை கோடிக்கு விளம்பரம் கொடுத்தாலும், எத்தனை படத்தோடு குறிப்பு அனுப்பினாலும், அந்த வவுச்சரை உரக்கப் படித்த ஒரு நிமிஷத்தில் கிடைத்தது கிடைக்காது. மக்கள் தொடர்பு என்று பெயர் வைத்த துறைக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை என்றே நினைக்கிறேன். தவறைப் பிடிப்பதுதான் பத்திரிகை என்று நம்பியிருந்த எனக்கும் அன்று ஒன்று புரிந்தது. கணக்கு சரி என்று ஊர் தெரிந்துகொண்டதும் செய்திதான். அதைத்தான் அன்று எழுதி அனுப்பினேன். வந்தது, நான்கு வரி.

ஆத்தாவும் எழுந்து பேசினார். அவர் பேச ஆரம்பித்ததும் டேங்க் ஆபரேட்டரே குறுக்கிட்டு, கோவில் பக்கத்து வால்வைத் திறந்தால் மற்ற தெருக்களுக்கு அழுத்தம் குறைகிறது, கடைசித் தெருவுக்குத் தனி வால்வு வேண்டும் என்றார். தீர்மானமாக எழுதினார்கள். தை மாதம் வால்வு போட்டார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. கோடையில் இன்றைக்கும் திணறல்தான்.

அடுத்த குடியரசு தினத்துக்கு உதவி மக்கள் தொடர்பு அலுவலர் அந்த ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிக்கும் முன்னறிவிப்புக் குறிப்பு அனுப்பினார், கணக்கோடு. கொஞ்ச நாளில் அவருக்கு மாறுதல் வந்தது. அத்தோடு அது நின்றது. அவருக்குப் பின் வந்தவரிடம் கேட்டேன். மேலிருந்து அப்படி உத்தரவு இல்லையே என்றார். சட்டப் பத்தியைக் காட்டினேன். படித்துவிட்டு, மரியாதையோடுதான், திருப்பிக் கொடுத்தார். 2016இல் நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

அரிட்டாபட்டி எப்போது தெரிந்துகொண்டது

இதெல்லாம் ஒரு மோட்டாருக்கும் ஒரு வால்வுக்குமான கதை என்று தோன்றலாம். 2024 நவம்பர் 7 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. கனிமச் சுரங்கங்களை ஏலம் எடுத்தவர்களின் பட்டியல். அதில் ஒரு வரி, மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம். ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் இருந்தது: தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர், தமிழி கல்வெட்டும் சமணர் படுக்கையும் உள்ள மலை. தங்கள் காலடி மண் ஏலம் போன விஷயம் மேலூர்ப் பக்கத்து மக்களுக்கு ஏலம் முடிந்தபிறகு செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. இங்கேயும் குறிப்பு நடந்து முடிந்ததைத்தான் சொன்னது.

அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபை, தீபாவளியை ஒட்டி வந்ததால் 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தது. அந்த 23 அன்று அரிட்டாபட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. மதுரை நிருபர்கள் பலர் அந்த இரண்டரை மாதமும் ஊர்ஊராகப் போய் எழுதினார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஐயாயிரம் ஏக்கரை ஏலப்பட்டியலில் சேர்த்த அன்று ஒரு நிருபரோ ஒரு மக்கள் தொடர்பு அலுவலரோ ஒன்பது வரி எழுதியிருந்தால், அத்தனை பேர் வயல்வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் நின்றிருக்க வேண்டியதில்லை. ஏல அறிவிப்பு ஏதோ ஒரு இணையதளத்தில் இருக்கிறது என்று சொல்வதும், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏ4 தாள் ஒட்டுவதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

இப்போது கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை. மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்திருக்கிறார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். கேள்வி கேட்கத் தலைவர் வீட்டு வாசல் இல்லாத ஊரில் கிராம சபை ஒன்றுதான் வாசல். அதனால் எனக்கு முடிந்த அளவுக்கு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாரம் முன்னால், சொந்த ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒன்பது வரி எழுதுகிறேன். கூட்டப்பொருளை ஊராட்சிச் செயலரிடம் போய் வாங்கி, போன தடவை போட்ட தீர்மானங்களில் எது நடந்தது எது நடக்கவில்லை என்று கேட்டு, அதையும் சேர்த்து. போன முறை போட்ட கொஞ்ச நேரத்தில் குவைத்திலிருந்து ஒரு தம்பி குரல்செய்தி அனுப்பினான். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். "அண்ணே, ஊரணி வேலி தீர்மானம் என்னாச்சுன்னு அம்மா கேப்பாக. கேக்க வேண்டியத நாலு வரியா எழுதி அனுப்பிருக்கேன். கூட்டத்துக்குப் போறப்ப அம்மாவ ஒரு சத்தம் குடுத்துக் கூட்டிட்டுப் போயிருங்க."